கல்லறை வாசலில் சாமந்தி

போன வாரம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கம்பெனி அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண். மடியில் பை நிறையச் சாமந்தி, மிஷினுக்குப் பூஜையாம். ஆட்டோ குலுங்கியதில் ஒரு காம்பு இலையோடு நசுங்கி இலை வாசனை வந்தது பாருங்கள்! பூவின் வாசனை எல்லோருக்கும் தெரியும். இலைக்கு வேறு வாசனை, கசப்பும் மருந்தும் கலந்த மாதிரி. அது மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் நகக்கண் எரிவது போலிருக்கும். ரோசலி அண்ணி கொடுத்த எரிச்சல்.

எழுபதுகளின் தொடக்கம். தண்டலம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குப் புதிதாக டீச்சர் வேலை. அந்தச் சித்திரையில்தான் என் அண்ணன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. அண்ணியைக் கூட்டிப்போக அவளுடைய அண்ணன் திருவள்ளூரிலிருந்து வந்தார்.

"கல்லறைத் திருநாள் போவட்டும்ணா. அவருக்கு என் கையால பூ போட்டுட்டு வரேன்" என்றாள் அண்ணி. இதற்கு யார் மறுப்புச் சொல்வார்கள்? அவர் திரும்பிப் போனார்.

ஆனி மாதம் எங்கிருந்தோ கூடை நிறையச் சாமந்திக் கன்று வாங்கி வந்து, அண்ணன் கத்தரி போட்டிருந்த கொல்லை முழுக்க நட்டாள். ஒரு கல்லறைக்கு எதற்கு இத்தனை செடி என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவ்வளவு புத்திசாலி நான்.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் கொழுந்தையெல்லாம் கிள்ளச் சொன்னாள். வளருகிற பிள்ளையின் தலையில் குட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு. "கிள்ளு. கிள்ளுனாத்தான் பக்கத்துல கிளை வெடிச்சி வரும்" என்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து கிள்ளுவேன். விரலெல்லாம் பச்சைச் சாறு. மறுநாள் சாக்பீஸைப் பிடித்தால் நகக்கண் காந்தும். மண்புழுவைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் ஒரு தரம் பக்கத்து வீட்டுக்காரர் கம்போடு ஓடி வந்துவிட்டார். அண்ணன் போன பிறகு அண்ணி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஐப்பசி பிறந்தது. மொட்டுக் கட்டியிருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. செம்பரம்பாக்கம் ஏரி ததும்புகிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் கொல்லையில் கணுக்கால் தண்ணீர். சாமந்திக்கு வேரில் தண்ணீர் நின்றால் அவ்வளவுதான், அழுகிவிடும். அண்ணி மண்வெட்டியோடு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"போனா போவுது, உள்ள வா! காய்ச்ச வந்து நீயும் படுத்துக்கப் போறியா?" என்று அம்மா கத்தினாள்.

"போவாது அத்தே. நான் வுடமாட்டேன்."

பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால் இழுத்து, வேலியைப் பிரித்து, தண்ணீரை வெளியே திருப்பிவிட்டாள். நான் சாய்ந்த செடிகளுக்குக் குச்சி ஊன்றிக் கட்டினேன். மண்புழு நினைவே வரவில்லை. பாதிச் செடி அழுகிப்போனது. மீதி நின்றது, பூத்தது.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள் காலையில் பூவையெல்லாம் பறித்துக் கூடைகளில் நிரப்பினோம். கல்லறைத் தோட்டத்தில் அண்ணனுக்கு ஒரு மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, நெடுநேரம் முட்டி போட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போய், சாக்கை விரித்து, மிச்சப் பூவைக் கொட்டி உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "பூ வைக்கக்கூடாதவ பூ விக்கிறதா? ஊரு இன்னா பேசும்?"

"வைக்கத்தானே கூடாது அத்தே? விக்கலாமில்ல?"

அந்த நேரம் பார்த்து அவளுடைய அண்ணனும் வந்து சேர்ந்தார். "எழுந்திரு ரோசலி, மானம் போவுது" என்று கூடையைப் பிடித்து இழுத்தார். சனம் கூடிவிட்டது. அண்ணி கூடையை விடவில்லை.

"உங்கூட வந்தா ஒரு மூலையில குந்திகினு நீ போடற சோத்தத் துன்னணும். எனக்கு வாணாம்ணா. அவர் வூட்டுலயே இருக்கேன். இந்தக் கொல்லை எனக்குச் சோறு போடும்."

அம்மா அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கைய எடுப்பா. அவ எங்க வூட்டுப் பொண்ணு" என்றாள். சொன்னவள் சும்மா நிற்கவில்லை. அண்ணி பக்கத்தில் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, நாரை எடுத்துப் பூவைக் கட்டத் தொடங்கினாள்.

அதன்பின் பல வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கொல்லை மஞ்சளாகத்தான் இருந்தது. அண்ணி பக்கத்து நிலத்தையும் குத்தகைக்குப் பிடித்தாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் அவள் கூடைகளுக்கென்று கண்டக்டரே இடம் ஒதுக்கி வைப்பார். அன்று கூடையை இழுத்த அவளுடைய திருவள்ளூர் அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் மாலை இவள் பூவில்தான்.

இன்று அம்மாவும் இல்லை, அண்ணியும் இல்லை. கொல்லை, குத்தகை நிலம் எல்லாம் ஒரு கம்பெனிச் சுவருக்குள் போய்விட்டன. வாய்க்கால் வெட்டிய இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. போன கல்லறைத் திருநாளுக்குப் போயிருந்தபோது, வாசலில் சாமந்தி விற்ற பெண்ணிடம் ஆசையாக, "இது எந்த ஊர்ப் பூம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாது மேடம். வண்டியில வருது" என்றாள்.