கொண்டோருக்கு முதுகு காட்டி ஒரு படம்

உலகத்தில் என்னைவிடப் பெரிய மடையன் எங்காவது இருக்கலாம். ஆனால் பெரு நாட்டில், அந்தக் காலை, அந்த மலை விளிம்பில் இருந்திருக்க முடியாது. என் மனைவி ஒரு பறவையைப் பார்ப்பதற்காகவே கடல் தாண்டி, மூச்சு வாங்கும் உயரத்துக்கு ஏறி வந்தாள். அந்தப் பறவை வந்த நேரத்தில், "இஞ்சாலை திரும்பும், கொஞ்சம் சிரியும்" என்று அவளை எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தி வைத்தவன் நான்.

எப்படி நடந்ததென்று சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

என் மனைவி பாரிஸுக்குப் பக்கத்து ஊரான லா கூர்னெவில் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்கிறாள். வேலையால் வந்ததும் தேத்தண்ணியோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து மிருகங்களைப் பார்ப்பாள். அவளுடைய பிரெஞ்சு முழுக்க மிருகங்களிடம் கற்றது. விசா புதுப்பிக்கும் பிரெபெக்தூர் அலுவலக வரிசையில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஆனால் பனிக்கரடி எப்படிக் குட்டி வளர்க்கிறது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள். ஒருமுறை எனக்குச் சோர்வு என்று மருத்துவரிடம் போனபோது, "இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் குளிர்கால உறக்கத்துக்குப் போய்விடுகிறார்" என்று சுத்தமான பிரெஞ்சில் சொன்னாள். மருத்துவர் நாடி பிடித்த கையை விட்டுவிட்டுச் சிரித்தார்.

ஒருநாள் தொலைக்காட்சியில் கொண்டோரைக் காட்டினார்கள். ஆண்டீஸ் மலைகளில் வாழும் மிகப் பெரிய பிணந்தின்னிக் கழுகு. இறக்கையை அடிக்காமல், காற்றில் ஏறி, அப்படியே நின்றது. அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இதை ஒருக்கா நேரிலை பாத்திட்டனெண்டாக் காணும்" என்றாள்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் எதையும் கேட்டவள் அல்ல. நகை கேட்டிருந்தால் அடுத்த தெருவில் அலுவல் முடிந்திருக்கும். கொண்டோர் லா சப்பலில் விற்பதில்லை. ஆகவே வழிகாட்டியோடு போகும் சுற்றுலா ஒன்றில் இரண்டு இடம் பதிந்தேன். கலை, பண்பாடு, வனவிலங்கு எல்லாம் ஒரே பேருந்தில்.

என் மரக்கறிக் கடைக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருப்பவரை எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் செய்தியைச் சொன்னேன். கத்தரிக்கோல் நின்றது.

"பெருவோ? அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை."

"ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஏனடாப்பா போறாய்?"

"பறவை பாக்க."

அண்ணை கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "பறவை பாக்கிறதெண்டா லண்டனுக்குப் போவன். அங்கை உன்ர மச்சானும் இருக்கிறான்."

அவரைக் குறை சொல்ல ஏலாது. எங்கள் ஆட்களின் உலகப்படத்தில் லண்டன், டொரொண்டோ, சூரிச் எல்லாம் நாடுகளும் நகரங்களும் அல்ல. யாரோ ஒருவருடைய வீட்டு வரவேற்பறைகள். சொந்தக்காரர் இல்லாத இடம் கடல்போல வெறுமையாகத்தான் கிடக்கும்.

"சரி, போறது போறாய்" என்று அண்ணை மறுபடி வெட்டத் தொடங்கினார். "படம் அனுப்பு. ஆக்கள் நிக்கிற படமா அனுப்பு. வெறும் மலையை அனுப்பிப்போட்டு, நான் போனனான் எண்டு சொல்லாதை. ஆர் நம்புறது?"

கதிரைகளில் காத்திருந்தவர்கள் எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டியதில் ஒரு பக்கக் கிருதா குட்டையாகிப் போனது. அந்தக் கிருதாவோடுதான் விமானம் ஏறினேன்.

எங்களோடு வந்தவர்கள் ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரர்கள். எல்லார் கழுத்திலும் தொலைநோக்கி. என் கையில் ரைஸ் குக்கர். வழிகாட்டி பெருவிலேயே பிறந்த இளம் பெண். பிரெஞ்சை ஸ்பானிய வேகத்தில் பேசுவாள். முதல் நாளே என் குக்கரைப் பார்த்து, "மிசியூ, உயரத்தில் தண்ணீர் சூடு போதாமலே கொதித்துவிடும், சோறு அவியாது" என்று எச்சரித்தாள். நான் நம்பவில்லை. மலைமேல் முதல் நாள் இரவு எங்கள் அறையில் அவிந்தது சோறு அல்ல, ஈரமான அரிசி. மனைவி ஒரு வாய் மென்று பார்த்துவிட்டு, "உதைக் கொண்டுபோய்க் குருவிக்குப் போடுங்கோ" என்றாள்.

அதைவிட மோசமான ஒன்றையும் நான் பாரிஸிலிருந்து கொண்டுபோயிருந்தேன். 'எங்களிட்டையும் இருக்கு' என்கிற நோய். எதைக் காட்டினாலும் அது எங்களிடமும் இருக்கிறது என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஏரியில் பூநாரைகள் நின்றன. "இது யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்கும் வாறது" என்றேன். "அது வேறை இனம்" என்றாள் மனைவி, தொலைநோக்கியை இறக்காமல். மலைச்சரிவில் படிப்படியாக வயல் வெட்டியிருந்தார்கள். "எங்களிட்டையும்..." என்று தொடங்கிய பிறகுதான் யாழ்ப்பாணத்தில் மலையே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கீரிமலைக்குக்கூடப் பெயரில் மட்டும்தான் மலை. நாங்கள் தங்கப் போகும் ஊரின் பெயர் சிவாய் என்று வழிகாட்டி சொன்னதும் நோய் முற்றிவிட்டது. பேருந்திலிருந்தே அண்ணைக்கு அழைத்து, "அண்ணை, ஊரே சிவாய்!" என்று கத்தினேன். பின் இருக்கையில் இருந்த, கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற அம்மையார், காதுக்குள் பஞ்சை வைத்துக்கொண்டார்.

ஒரே ஒருமுறைதான் நோய் பலன் தந்தது. சிவாய் இருக்கும் கொல்கா பள்ளத்தாக்கின் பெண்கள் பூவேலை செய்த தொப்பி போடுவார்கள். முற்காலத்தில் தொப்பிக்குப் பதிலாகக் குழந்தைகளின் தலையையே கட்டி, தங்கள் எரிமலையின் வடிவத்துக்கு நீட்டிவிடுவார்களாம். "எங்களிட்டையும் குழந்தையைக் குளிப்பாட்டேக்கை தலையை உருட்டி, மூக்கைப் பிடிச்சு இழுத்து விடுவினம்" என்றேன். வழிகாட்டி உண்மையாகவே வியந்து, என் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். "எந்த வடிவத்துக்கு?" என்று கேட்டாள். பேருந்து முழுவதும் சிரித்தது. மனைவிதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள்.

கொண்டோர் காலைக்கு வருவோம்.

கொல்கா பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு கல்மதில். கீழே பார்த்தால் ஆறு நூல்போலத் தெரியும். வெயில் ஏறி, பள்ளத்துக் காற்று சூடானால், கொண்டோர்கள் அந்தக் காற்றில் ஏறி மேலே வரும் என்றாள் வழிகாட்டி. "வரலாம், வராமலும் விடலாம். வந்தால் வந்த வேகத்தில் போய்விடும். சத்தம் போடாதீர்கள், பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருங்கள்."

மனைவி மதிலோடு ஒட்டி நின்றாள். மற்றவர்களும் நின்றார்கள். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. என் கைப்பேசிக்குத்தான் அழைப்பு வந்தது. அண்ணை, வீடியோவில். பாரிஸில் பின்னேரம், சலூனில் நல்ல கூட்டம்.

"எங்கையடாப்பா நிக்கிறாய்? காட்டு பாப்பம்!"

மலையைக் காட்டினேன். "உது வெறும் மலை. மனுசி எங்கை?" என்றார் அண்ணை. பின்னால் யாரோ, "ஆக்களைக் காட்டச் சொல்லுங்கோ" என்றார்கள்.

நான் மனைவியின் தோளைத் தொட்டேன். "இஞ்சாரும், அண்ணை லைனிலை. இஞ்சாலை திரும்பும்."

"இப்ப வேண்டாமப்பா."

"ஒரு நிமிசம். மலை பின்னாலை வரட்டும். கொஞ்சம் சிரியும். சால்வையை எடுத்துப் போடும், ஆக்கள் பாக்கினம்."

நான்கு பேர் பார்க்கிறார்கள் என்றால் எந்தத் தமிழ்ப் பெண்ணும் சால்வையைச் சரிசெய்வாள். அவளும் திரும்பினாள், சால்வையை இழுத்தாள், சிரித்தாள். திரையில் ஏதோ கறுப்பாக ஓடியது. என் விரல்தான் கமராவை மறைக்கிறது என்று நினைத்து விரலைத் தள்ளிப் பிடித்தேன். கறுப்பு இன்னும் பெரிதாக ஓடியது. சுற்றி நின்ற பிரெஞ்சுக்காரர்கள் எல்லாரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். கைப்பேசிக்குள் லா சப்பல் சலூன் கூச்சல் போட்டது. "அம்மாடி! என்னடா அது? தலைக்கு மேலாலை போகுதடா!"

மனைவி திரும்பினாள். பள்ளத்தாக்கு வெறுமையாக இருந்தது. வளைவுக்கு அப்பால் அது போய்விட்டது. வழிகாட்டி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கவிட்டாள். பிறகு பேருந்துக்கு வரச் சொன்னாள். முடி வெட்ட வந்த அத்தனை பேரும் கொண்டோரைக் கண்டார்கள். என் மனைவி கண்டது என் முகத்தை.

எங்கள் வீட்டுக் கோபத்துக்கு ஒரு முறை உண்டு. நேரே கதைப்பதில்லை. பிள்ளையை நடுவில் நிறுத்தி, "கொப்பரைச் சாப்பிட வரச் சொல்லு" என்று அப்பாவுக்குச் செய்தி அனுப்புவதுதான் வழக்கம். பிள்ளைகள் பாரிஸில். ஆகவே வழிகாட்டியே பிள்ளையானாள். பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டே, மனைவி அவளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள்.

"மிசியூ," என்றாள் வழிகாட்டி குழப்பத்தோடு, "மதாம் தண்ணீர்ப் போத்தல் கேட்கிறார். உங்கள் மடியில் இருக்கிறதாம்."

"இருக்கெண்டு சொல்லுங்கோ" என்று நானும் முறை தவறாமல் பதில் அனுப்பினேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்தப் பெண் களைத்துப்போனாள். என்ன பிரச்சினை என்று தனியே கேட்டாள். சொன்னேன். அடுத்த நாள் மத்தியானம் மலையை விட்டு இறங்குகிறோம். அதற்குப் பிறகு கொண்டோர் பறக்கும் இடம் ஒன்றும் பயணத்தில் இல்லை. இன்னொரு முறை இவ்வளவு தூரம் வருவோமா? முழங்கால் விடாது, பள்ளிக்கூடம் லீவு தராது.

"நாளைக் காலை வெந்நீர் ஊற்றில் குளிப்பதற்கென்று விட்டிருக்கிறோம்" என்றாள் அவள். "எல்லாரும் சம்மதித்தால் அதற்குப் பதிலாக மறுபடி அந்த மதிலுக்குப் போகலாம். ஆனால் பறவை வரும் என்று நான் உறுதி தரமாட்டேன். கேட்டுப் பாருங்கள்."

நான் எழுந்து நின்று, பாதிப் பிரெஞ்சிலும் பாதிக் கைகளாலும் கேட்டேன். வெந்நீர்க் குளியலுக்காகவே மூட்டுவலியோடு வந்தவர்கள் அவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கணக்கு அம்மையார் காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"மதாமுக்காகப் போகலாம். ஒரு நிபந்தனை. மிசியூ வாயைத் திறக்கக் கூடாது. நாளை காலை முழுவதும்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் மனைவியின் கைதான் முதலாவது.

வெந்நீர் ஊற்று எங்களிட்டையும் கன்னியாவில் இருக்கு என்று சொல்லும் ஆசை தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அன்றிலிருந்தே பயிற்சி.

மறுநாள் விடியப் பேருந்து வாசலில், கைப்பேசியை வழிகாட்டியின் பைக்குள் போட்டேன். மனைவி அவளிடம் நீளமாக ஏதோ விளக்கினாள். பெண் திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் என்னிடம் வந்தாள்.

"மிசியூ, உங்கள் முகம்... எப்படிச் சொல்வது... காலையில் பார்த்தால் காரியம் நடக்காத வகை முகமாம். நீங்கள் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டுமாம்."

முழிவியளம்! புறப்படும்போது எதிரே வரும் முகத்தைப் பொறுத்துத்தான் அன்றைய காரியம் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அதைப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தும் அளவுக்கு என் மனைவிக்கு மொழி வந்துவிட்டது என்பதில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்படியே இருந்தேன். அவர்கள் எல்லாரும் மதிலில். நான் அவர்களுக்கு முதுகு காட்டி, நிறுத்திய பேருந்தையும், கம்பளித் தொப்பி விற்கும் பெண்களையும் பார்த்தபடி ஒரு கல்லில். பள்ளத்தை முகில் மூடியிருக்கிறது என்று பின்னால் முணுமுணுத்தார்கள். குளிர் முழங்காலுக்குள் இறங்கியது. கைகளுக்கு என்ன வேலை கொடுப்பதென்று தெரியவில்லை. கைப்பேசி இல்லாத கைகள் எனக்குப் பழக்கமில்லை. தொப்பிக்காரி ஒருத்தி என்னைத் தண்டனைக்காரன் என்று நினைத்திருக்க வேண்டும். இரக்கத்தோடு கொஞ்சம் அவித்த சோளம் தந்தாள். சத்தம் வரக்கூடாதென்று மெல்லாமலே வாயில் வைத்திருந்தேன்.

சாரதி நேரமாகிறது என்று சைகை காட்டினார். வழிகாட்டி அவரிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாக இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். வெயில் என் பிடரியில் ஏறியது. முகில் கலைகிறது என்று யாரோ சொன்னார்கள். பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

தொப்பிக்காரி தலையை நிமிர்த்தி என் தலைக்கு மேலே பார்த்தாள். என் காலடிப் புழுதியில் ஒரு நிழல் வந்தது. பேருந்தின் மேல் ஏறியது. திரும்பி வந்து இன்னொருமுறை என்னைக் கடந்து போனது. கழுத்து என்னையறியாமல் திரும்பப் பார்த்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

நெடுநேரம் கழித்து எல்லாரும் பேருந்தை நோக்கி வந்தார்கள். கணக்கு அம்மையார் போகிற போக்கில் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். கடைசியாக மனைவி வந்தாள். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. குளிர் என்று வைத்துக்கொள்வோம். சோளத்தை விழுங்கிவிட்டு, அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வெளியே வர, கேட்டேன்.

"கண்டீரே? கிட்டவே வந்தது? ஆணோ பெண்ணோ? எவ்வளவு நேரம் நிண்டது? எப்பிடிப் பறந்தது, சொல்லுமன்?"

ஒரு நாளுக்குப் பிறகு, நடுவில் ஆள் வைக்காமல், நேரே என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"வாய் திறக்காமல் பறந்தது."