தளபதியின் குதிரைக்கு அழுத புத்தகம்

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். போன வருடம் எம்.ஏ. பாடத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் சேர்ந்தது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் ராணுவத்தைப் பற்றி நூலகத்துக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. மாதிரிக்கு இரண்டு வந்தன; ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது. படித்துவிட்டு ஒன்றைச் சொல்லும்படி துறைத் தலைவர் என்னிடம் கொடுத்தார்.

சனிக்கிழமை மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்குப் போகும்போது, வெள்ளிமலை பஸ்ஸில் தடித்ததைப் பிரித்தேன். பளபளப்பான தாள். தாடி, வாள், குதிரை. ஒரு தளபதியின் குதிரை செத்ததற்குப் பக்கக்கணக்கில் அழுதிருந்தார் ஆசிரியர்.

மெலிந்த புத்தகத்தை வீட்டில் படித்தேன். தென் மாநிலப் படை வடக்கே பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது, அங்கே சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்களை, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் பிடித்து அடிமைகளாகத் தெற்கே ஓட்டிப்போனது. தடித்ததில் அதே நாட்களைத் தேடினேன். சிப்பாய்கள் தோட்டத்தில் பழம் பறித்துத் தின்றது இருந்தது. பிடிபட்டவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அம்மா போட்டு வைத்த சாமைச் சோற்றைத் தொட முடியவில்லை.

திங்கட்கிழமை துறைத் தலைவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"சின்னதையே வாங்கிடலாம் சார்."

"இன்னாம்மா நீ! அதுல படமே இல்ல. இது பாரு, எவ்ளோ கம்பீரமா கீது."

"ஆளுங்கள புடிச்சிகினு போனத இதுல எழுதவே இல்லீங்க சார்."

"போர்ப் புத்தகத்துல போர்தாம்மா இருக்கும். அடிமைங்கள நல்லாத்தான் வச்சிகினு இருந்தாங்களாம். சோறு போட்டாங்க, துணி குடுத்தாங்க. வேற இன்னா வோணும்?"

ஈர விரலை அந்தப் பளபளத் தாளிலேயே தேய்த்துக்கொண்டார்.

என் தாத்தா, மலையில் நிலமெல்லாம் கையில் வைத்திருந்த ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் ஏர் ஓட்டியவர்.

"எங்க தாத்தாவையும் இப்பிடித்தான் சார் நல்லா வச்சிகினு இருந்தாங்க."

"அது வேற, இது வேற."

பேச்சை வளர்க்காமல் இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன். அந்த நாட்களைச் சொல்லும் பக்கங்களை அவர் மேசையில் விரித்துவைத்தேன். அவர் நின்றபடியே படித்தார். முகம் மாறியது. சின்னதை மட்டும் வாங்கச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"ரெண்டையும் வாங்கிடுங்கம்மா. யாருக்கும் மனஸ்தாபம் வேணாம்."

பிடித்துக்கொண்டு போனவனின் புகழையும் பிடிபட்டவரின் கதையையும் ஒரே தட்டில் வைத்துச் சமமாக்கிவிட்டார். துறைத் தலைவரின் பேச்சைவிட இந்த நியாயம்தான் எனக்கு அதிக அருவருப்பாக இருந்தது. "வேணாம் சார்" என்றேன். அவர் அதற்குள் ஃபோனை எடுத்திருந்தார்.

இரண்டும் வந்து சேர்ந்தன. தடித்ததை விழாக்களில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். வகுப்பில் நான் மெலிந்ததை வாசிக்கிறேன். அந்த மக்களை ஓட்டிப்போனதைச் சொல்லும் பக்கம் வரும்போது பின்வரிசைப் பேச்சும் நின்றுவிடுகிறது.