அத்தான் ஓட்டாத வள்ளம்

2006ஆம் ஆண்டின் பிற்பகுதி. ஊர்காவற்றுறையில் அக்கா வீட்டில் தங்கி, யாழ்ப்பாணத்தில் ஒரு கணினி நிலையத்தில் ஜாவா படித்துக்கொண்டிருந்தேன். சண்டை மறுபடி மூண்டு, தரைப்பாதை மூடப்பட்டு, கடலுக்குப் போகவும் தடை வந்திருந்த நேரம். கைத்தொலைபேசிகளுக்குச் சிக்னலும் கிடையாது. அத்தானிடம் இருந்த சின்னப் போன் மணி பார்க்கவும், அதிலிருந்த பாம்பு கேமை ஓட்டி விளையாடவும் மட்டும்தான் உதவியது.

அத்தான் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தவர். விடியமுன் எழும்பிக் கடலுக்குப் போன மனிதரால் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு பாம்பு ஓட்டுவார். அது அலுத்தால் குசினிக்குள் போய்க் குழம்பில் உப்புக் குறைவு என்பார். அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு மறுபடி கதிரைக்கு வருவார்.

அந்த நாட்களில்தான் எங்கள் ஆசிரியர் போனுக்கு கேம் எழுதுகிற மென்பொருளை வகுப்பில் காட்டினார். கணினித் திரையில் ஒரு போனின் படம் வரும். நாம் எழுதியதை அதில் ஓட்டிப் பார்க்கலாம். நான் எழுதிய ஒரு சின்னச் சதுரம் முதல் தடவையாக இடமும் வலமும் நகர்ந்தபோது, சந்தோசத்தில் கதிரையை விட்டு எழும்பியே விட்டேன். மற்றப் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் அதை அத்தானிடம் சொன்னேன். அவருக்கு உசார் வந்துவிட்டது.

"அப்ப எனக்குக் கடலுக்குப் போற கேம் ஒண்டு செய்து தாரும் பிள்ளை. அங்கை விடுறாங்கள் இல்லை, போனிலையாவது போவம்" என்றார்.

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டாயம் செய்து தருவதாகச் சொல்லிவிட்டேன்.

ஒரு கிழமைக்குள் கேம் ஓடத் தொடங்கிவிட்டது. சதுரம் வள்ளமானது. நாலாம் பட்டனை அமத்தினால் இடப்பக்கம், ஆறை அமத்தினால் வலப்பக்கம். கடலில் வலை கட்ட நட்டிருக்கும் வலைத்தடிகளில் முட்டாமல் போய் மீனைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வர வேண்டும். அவ்வளவுதான். ஆசிரியர் பார்த்துவிட்டு, "இதை உடனை போனிலை போட்டுப் பாரும். கம்பியூட்டரிலை ஓடுறதெல்லாம் போனிலை ஓடாது" என்றார். போனைக் கொண்டுபோனால் நிலையத்தில் இருந்த வயரால் ஏற்றித் தரவும் தயாராக இருந்தார்.

அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் புது வள்ளம் செய்தால், வேலை முழுக்க முடிந்து, பங்குச் சுவாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கும் வரைக்கும் அது தண்ணீரைக் காணாது. சின்னப் பிள்ளைகள் ஏறினால்கூடத் துரத்துவார்கள். அப்படிப் பார்த்து வளர்ந்த எனக்கு, அரைகுறை வேலையை ஒருவர் கையில் கொடுப்பது என்ற நினைப்பே பிடிக்கவில்லை. கேம் என்பது அரைகுறையாக இருக்கும்போதே கொடுத்துப் பார்த்துத் திருத்துகிற சாமான் என்பது என் மண்டைக்குள் ஏறவில்லை.

ஆகவே மெருகூட்டத் தொடங்கினேன். கடலுக்கு நடுவில் நிற்கிற கோட்டையைக் கீறினேன். வெளிச்சவீடு, நிலா, காற்று மாறினால் எழும்புகிற அலை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று பிழைக்கும். அதைத் திருத்துவதற்குள் நிலையத்தில் ஜெனரேட்டரை நிற்பாட்டிவிடுவார்கள். மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் நிலையமே பூட்டு.

பஸ்ஸால் இறங்கி வரும்போதே அத்தான் கேட்பார்.

"என்ன பிள்ளை, வள்ளம் ஓடுதோ?"

"ஓம் அத்தான், ஓடுது. ஆனா இன்னும் முடியேல்லை."

"முடியாட்டிலும் பரவாயில்லை. போனைக் கொண்டுபோய் உள்ளதைப் போட்டுக்கொண்டு வாருமன்."

"கொஞ்சம் பொறுங்கோ அத்தான். வடிவாச் செய்து தாறன்."

இப்படியே மாதங்கள் ஓடின. ஒரு நாள் பாம்பு விளையாட்டை விட்டுவிட்டு, சேர்ட்டின் நுனியால் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரை மங்கலாக இருக்கிறது என்றார். நானும் வாங்கித் துடைத்துக் கொடுத்தேன். திரையில் ஒன்றும் இல்லை. மங்கல் கண்ணில்தான் இருந்தது. அவருக்குச் சலரோகம், அதுதான் சர்க்கரை வியாதி, இருந்தது எல்லோருக்கும் தெரியும். மருந்துத் தட்டுப்பாட்டில் அது கண்ணைப் பிடித்துவிட்டது. கொழும்புக்குக் கொண்டுபோக அக்கா அலையாத இடம் இல்லை. அனுமதி எடுத்து, கப்பலில் இடம் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது, நாள் கடத்திவிட்டீர்கள் என்றாராம் டொக்டர். திரும்பி வந்த அத்தானுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் பிரித்துத் தெரிந்தது.

அதன் பிறகு கேமைத் தொடவே எனக்கு மனம் வரவில்லை. அத்தானும் கேட்பதை விட்டுவிட்டார். கேட்காமல் விட்டது, கேட்டதைவிடக் கூடுதலாக வலித்தது.

2009இல் பாதை திறந்த பிறகு, ஒரு நாள் அவரே ஞாபகப்படுத்தினார். "பிள்ளை, அந்த வள்ளம் என்னமாதிரி?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த நாளே அந்தப் பழைய போனை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். வயரை மாட்டி ஏற்றினால், போன் ஏற்க மறுத்தது. கேம் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாகிவிட்டது. நிலாவை எடுத்தேன், ஏற்கவில்லை. வெளிச்சவீட்டை எடுத்தேன், அலையை எடுத்தேன், கோட்டையையும் எடுத்தேன். கடைசியில் வள்ளம், வலைத்தடி, மீன், கரை மட்டும் மிஞ்சியபோதுதான் ஓடியது. முதல் கிழமையிலேயே என் கையில் இருந்த கேம் அது.

வீட்டுக்கு வந்து போனை அத்தானின் கையில் வைத்தேன். அவர் பட்டன்களைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"நீர் ஓட்டும். நான் சொல்லுறன்" என்றார்.

பக்கத்தில் இருந்து ஓட்டினேன்.

"வலப்பக்கம் தடி வருது அத்தான்."

"இடத்துக்கு எடும். மெல்ல, மெல்ல. மீன் எங்கை நிக்குது?"

"முன்னுக்கு."

"அப்ப நேர விடும்."

வள்ளம் திரும்பும் பக்கமெல்லாம் அவரும் கதிரையில் சாய்ந்தார். அக்கா குசினி வாசலில் வந்து நின்று பார்த்தாள். எதற்கு நிற்கிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கரைக்கு வந்ததும், "வந்திட்டம் அத்தான்" என்றேன். பலமாகச் சிரித்தார்.

"கேம் இவ்வளவுதானோ பிள்ளை?"

"ஓம் அத்தான், இவ்வளவுதான்."

"இது காணுமே, போதுமே. இதைத்தானே அண்டைக்கும் கேட்டனான்" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. இன்னொருமுறை போவோம் என்று கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துக்கூடப் போட்டார். எனக்குத்தான் திரை கலங்கியது; இரண்டாம் தடவை முதல் தடியிலேயே வள்ளத்தைக் கொண்டுபோய் முட்டினேன்.

இப்போது போனுக்கு மென்பொருள் எழுதுவதுதான் என் தொழில். நான் செய்தவற்றை முகம் தெரியாத எத்தனையோ பேர் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். தனக்கொரு கேம் செய்து தா என்று முதன்முதலில் கேட்ட அத்தான், கண் தெரிந்த காலத்தில் அதைப் பார்க்கவில்லையே என்ற கவலை மட்டும் இன்றைக்கும் ஆறவில்லை.