கொழுக்கி இல்லாத யன்னல்கள்

அப்பாவுக்கு வள்ளம் திருத்தத் தெரியும். அதனால் உலகத்தில் பழுதான எல்லாவற்றையும் வள்ளம் என்று நினைத்தே திருத்துவார். கதிரைக் கால் ஆடினாலும் வள்ளத்து ஓட்டை அடைக்கும் குங்கிலியப் பிசின், குசினிக் கூரை ஒழுகினாலும் குங்கிலியம்தான்.

சண்டை முடிந்து வன்னியிலிருந்து ஊர்காவற்றுறைக்குத் திரும்பியபோது எனக்கு ஆறு வயது. வீட்டில் சுவரும் கூரையும் மிஞ்சியிருந்தன. யன்னல்கள் உப்புக்காற்றில் வெடித்துக் கிடந்தன. அம்மா யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிவிட்டார். ஒருதரம் வந்து பார்ப்பேன், சரிவராவிட்டால் திரும்பிவிடுவேன் என்பது அவரது பேச்சு. அம்மா சொன்னால் சொன்னதுதான். அப்பாவோ கடலை விட்டு வரமாட்டார். நான் எந்தப் பக்கம் போவது என்ற கவலை எனக்கு.

நானும் அப்பாவும் பழைய பெயின்றைச் சுரண்டி எடுத்தோம். வெடிப்புகளுக்கெல்லாம் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்தார். பிறகு யன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டு, வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலத்தை மொத்தமாகப் பூசினார். ஒரு மூலையை நானும் பூசினேன். யன்னல் கதவுக்கும் நிலைக்கும் நடுவிலிருந்த நீக்கலைக்கூட அவர் விடவில்லை. இனி ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராதாம். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். வீடு மிதக்கப்போவதில்லை என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். படலையில் நின்று நீலத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு யன்னலைத் தள்ளினார். அசையவில்லை. அடுத்ததைத் தள்ளினார். அதுவும் அப்படியே. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்து முருங்கை மரத்தடியில் நின்றுவிட்டார். நிறம்தான் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்து, வேறு நிறம் பூசலாம் என்று நான் ஓடிப்போய்க் கெஞ்சினேன்.

"நிறம் வடிவாத்தான் இருக்கு பிள்ளை," என்றார். "உள்ளுக்கை என்னாலை மூச்சுவிட ஏலாமக் கிடக்கு."

அப்பா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். மீன் வெட்டும் கத்தியை எடுத்துவந்து ஒவ்வொரு யன்னலையும் சுற்றிக் கீறினார். நீலம் கீலம் கீலமாக உரிந்து விழுந்தது. நான் பூசிய மூலையும் போனது. நான் குழறி அழுதேன். அவர் யன்னல்களை விரியத் திறந்து, அவற்றைச் சாத்தி மாட்டும் கொழுக்கிகளையும் கழற்றிச் சாரத்தில் முடிந்துகொண்டார்.

"இதுகளைக் கடலுக்கை போடுறன். இனி இந்த வீட்டிலை யன்னல் சாத்திறேல்லை," என்றார்.

அம்மா பையைக் குசினியில் வைத்துவிட்டு, தேத்தண்ணிக் கேத்தில் எங்கே என்று கேட்டார்.

அந்த மாரியில் சாரல் அடித்து என் பள்ளிக்கூடப் புத்தகங்கள் ஊறிப்போயின. வள்ளத்துக்குள் தண்ணீர் விடாத மனுசன் வீட்டுக்குள் விடுகிறார் என்று அயலில் பகிடி. ஒரு யன்னலை ஒழுங்காகத் திருத்தத் தெரியாத அப்பா என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

இப்போது அதே யன்னல்களுக்கு நானே நீலம் பூசுகிறேன், அகலத் திறந்து வைத்துக்கொண்டு. வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார்: வன்னியில் ஒருநாள், ஷெல்லடிக்குப் பதுங்கியிருந்த பங்கர் குழியின் வாசலை மண் சரிந்து மூடிவிட்டதாம். இருட்டுக்குள் அவர் மடியில் நான் நல்ல நித்திரையாம். வெளியிலிருந்து கையாலேயே மண்ணைத் தோண்டி எங்களை எடுத்தவர் அப்பா. அவரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அவர் எங்களுக்கு முதல்தரம் வழி திறந்தபோது நான் நித்திரை. இரண்டாந்தரம் திறந்தபோது, என் பெயின்ற் போய்விட்டதென்று அழுதுகொண்டிருந்தேன்.