பன்னிரண்டு கேனும் நிறைந்த கதை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத்து வராது. அஞ்சாம் வகுப்போடு தார் சுற்றப் போய்விட்டேன். தார் என்றால் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற நூல் சுற்றிய குச்சி. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடைக் கையெழுத்துத்தான். மறதியும் உண்டு. சேலத்து டாக்டரம்மா நாற்பது பக்க நோட்டு ஒன்றை அனுப்பி, நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள் என்று சொன்னதால் எழுதுகிறேன். ஆள் எதிரே பேச எனக்குக் கூச்சம். நோட்டு எதிரே அவ்வளவு இல்லை. ஆனால் விஷயம் ஒன்றுக்குப் போன விஷயம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் லைன் வீடு. ஒரே ஓட்டுக்குக் கீழே பன்னிரண்டு வீடு. எதிரிலேயே தறிப்பட்டறை. லைனில் என்னைத் தவிர எல்லாப் பெண்களும் அங்கே தறி ஓட்டுகிறவர்கள். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே தார் சுற்றினேன். முட்டி போன பிறகு வீட்டோடு இருக்கிறேன். எனக்குச் சர்க்கரை உண்டு. அதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்து ஊர்கள் மூன்றுக்கும் மூன்று நர்ஸ் இருக்க வேண்டும். ஒருத்தர் மாற்றல் வாங்கிப் போனார், இன்னொருத்தர் பிள்ளைப்பேற்றுக்குப் போனவர் திரும்பவில்லை. இருந்தது ஒரே ஒரு பெண். தம்மம்பட்டிப் பக்கம் இருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். நர்ஸம்மா என்று கூப்பிடுவோமே தவிர வயதில் சின்னவள். அதனால் வந்தாள் போனாள் என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கூட்டரில் ஒரு பக்கம் ஊசிப் பெட்டி, ஒரு பக்கம் மாத்திரைப் பை. காலையில் ஒரு ஊரில் குழந்தைக்கு ஊசி, மதியம் இன்னொரு ஊரில் பிரஷர். சாப்பாட்டை ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து நின்றுகொண்டே சாப்பிடுவாள். அவளும் ஒப்பந்த ஆள்தான். பங்குனியோடு அவள் ஒப்பந்தம் முடிகிறதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி வந்தது. ஜனங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு உப்புத் தின்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. தின்ற உப்பு ஒன்றுக்கில் வெளியே வந்துவிடுமாம். அதனால் வீட்டுக்கு ஒரு பெண் ஒரு முழு நாள் போவதையெல்லாம் ஒரு கேனில் பிடித்துக் கொடுக்க வேண்டும். எங்கள் லைனில் இது சரியாக நடந்தால் அடுத்த வருஷமும் ஆராய்ச்சி இங்கேயே நடக்கும், நர்ஸம்மாவும் இருப்பாள். நடக்காவிட்டால் அவள் போய்விடுவாள். அப்புறம் மூன்று ஊருக்கும் நர்ஸே கிடையாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சொல்லிக்கொடுக்க அவள் பட்டறைக்குள்ளேயே வந்தாள். வேறு எங்கேயும் எங்கள் பெண்களைச் சேர்த்துப் பிடிக்க முடியாது. நானும் கூட்டத்தோடு நின்றேன். தறிச் சத்தத்தில் எங்களுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சுப் புரியும், பட்டறையில் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு மாமியாரைத் திட்டுவோம், ஒரு சத்தமும் வராது. நர்ஸம்மாவுக்கு அது தெரியாது. தொண்டை கிழியக் கத்தினாள். கத்திக்கொண்டே இருக்கும்போது கரண்ட்டுப் போய்விட்டது. இருபத்து நாலு தறியும் ஒரே நேரத்தில் நின்றது. அந்த அமைதியில் தெருக்கோடி வரைக்கும் அவள் குரல் போனது.

"ஒரு சொட்டு ஒண்ணுக்குக் கூட வீணாக்கக் கூடாது! எனக்கு எல்லாமே வேணும்!"

வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். நர்ஸம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு பாவு உருளைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து விலா வலி வந்துவிட்டது. கரண்ட்டு வந்தும் ஒருத்தியும் தறியைப் போடவில்லை.

சிரிப்பு அடங்கிய பிறகு அவள் கேனைக் காட்டினாள். வெள்ளைக் கேன், நம்பர் போட்ட ஸ்டிக்கர். கீழ்ப்பக்கம் சிவப்பு மையில் ஒரு கோடு.

"இந்தக் கோட்டுக்கு மேல இருக்கணும்மா. கீழ இருந்தா நீங்க கொஞ்சம் கொட்டிட்டீங்கன்னு நெனச்சு அந்தக் கேனைத் தள்ளிடுவாங்க. ஒரு கேன் கூடத் தள்ளாம எனக்கு வேணும்."

"நீ கவலப்படாத சாமி" என்றாள் என் பக்கத்து வீட்டுக்காரி. முப்பத்தஞ்சு வயது, நாலு தறி ஓட்டுகிறவள், வாய்க்காரி. என்னை அத்தை என்பாள். "பன்னெண்டு கேனும் கோட்டத் தாண்டும். இல்லாட்டி எங்க லைன் பேர மாத்திக்கிறோம்."

மறுநாள் விடிந்ததில் இருந்து கணக்கு. கேனைக் குளியலறை மூலையில் வைத்து மேலே ஒரு பழைய ஜாக்கெட்டைப் போட்டு மூடினேன். யாருக்கு மூடினேன் என்று கேட்டால் தெரியாது, வீட்டில் நான் ஒருத்திதான். சர்க்கரைக்காரிக்கு இதில் என்ன கஷ்டம்? மத்தியானமே கோட்டைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். வாழ்க்கையில் ஒரு பரீட்சையிலும் முதலாக வராதவள் நான். கேன் பக்கத்தில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது பின்கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரி. முந்தானைக்குள் கேன்.

"அத்தே, சிரிக்கக் கூடாது."

"என்ன கண்ணு?"

கேனைக் காட்டினாள். அடியை மட்டும் நனைத்துக்கொண்டு கொஞ்சம் கிடந்தது. கோட்டுக்கு இன்னும் இரண்டு விரல் வேண்டும்.

"கொட்டிப்போட்டயா?"

"எங்கீங்கத்தே கொட்டறது? பட்டறைக்குப் போனா யாரு ஒண்ணுக்குப் போறா? அந்தக் கக்கூஸுல பழைய தார்க்கட்டையப் போட்டு வெச்சிருக்கறாரு மொதலாளி. ஊட்டுக்கு வரலாம்னா நாலு தறிய யாரு பாப்பா? இழ அந்து போயிட்டா துணி போச்சு. அதான் தண்ணியே குடிக்கறதில்ல." அப்புறம் என் குளியலறை மூலையைப் பார்த்தாள். ஜாக்கெட்டைத் தூக்கினாள். "அடேயப்பா! அத்தே, உங்களுது காவேரியாட்டம் இருக்குது. எனக்கு ஒரு டம்ளர் ஊத்துங்க."

எங்கள் லைனில் உறைமோர் கேட்டு வந்தவளை யாரும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கொடுத்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருவதும் இல்லை, ஒரு கரண்டிச் சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. நான் கேனைச் சாய்க்க, அவள் கேனைப் பிடிக்க, இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து கை நடுங்கியது. "சிந்தாதீங்கத்தே, ஒரு சொட்டு கூட வீணாக்கக் கூடாதாமா!" என்று அவள் நர்ஸம்மா குரலிலேயே சொன்னாள். நான் கேனோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வாய் சும்மா இருக்குமா? கால்மணி நேரத்தில் பின்கதவில் இன்னும் இரண்டு பேர். மூன்று பேருக்கும் ஊற்றினேன். அப்படியும் எனக்குக் கோட்டுக்கு மேலேயே நின்றது.

கேனை நர்ஸம்மாவிடம் கொண்டுபோக வேண்டும். ஒயர் கூடையில் வைத்து மேலே முருங்கைக்கீரையைப் பரப்பிக்கொண்டு போனேன். வழியில் மளிகைக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"என்னுங்கக்கா, கனமாத் தூக்கிட்டுப் போறீங்க? கடலெண்ணெயா?"

கூச்சத்தில் வாயில் வந்தது, "ஆமாங்க."

"செக்குல ஆட்டுனதா? எனக்கும் அரை லிட்டரு குடுங்களேன்."

முட்டி வலி எங்கே போனதோ, ஓட்டமாக ஓடினேன்.

பன்னிரண்டு கேனும் கோட்டுக்கு மேலே. நர்ஸம்மா எண்ணி எண்ணிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "வேற எந்த ஊர்லயும் இப்படி வரலம்மா" என்றாள். நாங்கள் மூக்குத்தி மின்ன நின்றோம்.

பத்து நாள் கழித்து அவள் ஸ்கூட்டர் வந்து நின்ற விதமே சரியில்லை. உப்போடு சர்க்கரையும் பார்த்தார்களாம். எனக்கு இருக்கிறது, சரி. அடுத்தடுத்த வீட்டு மூன்று பெண்களுக்கும் இருக்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரியின் விரலில் குத்தி அங்கேயே ரத்தம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மற்ற இருவருக்கும் இல்லை. நாங்கள் நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

நர்ஸம்மா என் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"நான்தான் ஸ்டிக்கரை மாத்தி ஒட்டியிருக்கேன். அன்னிக்கு மூணு ஊரையும் ஒரே நாள்ல பாத்தேன். கை தப்பியிருக்கும். நாளைக்கு மேடம் வராங்க. தப்பு என்னோடதுன்னு சொல்லிடறேன்."

"சொன்னா என்னாகும் சாமி?"

"என்ன ஆகும்? ஊருக்குப் போவேன்."

அவளை வைத்துக்கொள்ளத்தான் ஊற்றினோம். ஊற்றியதாலேயே அவள் போகப் போகிறாள். நாங்கள் உண்மையைச் சொன்னாலும் கேன் எல்லாம் வீண்தான். சொல்லாவிட்டால் பழி அவள் மேல்.

டாக்டரம்மா ஜீப்பில் வந்தார். கண்ணாடி போட்ட உயரமான பெண்மணி. அவரும் நர்ஸம்மாவும் நேராகப் பட்டறைக்குள் போனார்கள், நானும் பின்னாலேயே போனேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. முதலாளி நிறுத்தச் சொல்லவில்லை. நர்ஸம்மா வாயைத் திறக்கப் போகிறாள் என்று தெரிந்தது. நான் டாக்டரம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். என் ஆயுசில் நான் யார் கையையும் அப்படி இழுத்ததில்லை. காதோடு வாயை வைத்துச் சொன்னேன்.

"அந்தப் புள்ள ஒண்ணும் பண்ணலீங்க. அது எம்படதுங்க, என்னோடது. மூணு ஊட்டுக்கும் நாந்தான் ஊத்திக் குடுத்தேன்."

இத்தனை ரகசியமாகச் சொன்னேனே, இருக்கிற இடத்தை மறந்துவிட்டேன். டாக்டரம்மா காதுக்கு மட்டும் சொன்னதாக நான் நினைக்க, பட்டறை முழுக்க என் உதட்டைப் படித்துவிட்டது. முதலில் என் பக்கத்து வீட்டுக்காரி கையைத் தூக்கினாள். பிறகு மற்ற இருவர். அப்புறம் பார்த்தால், எனக்குத் தெரியாத கைகளும் எழும்பின! கோடித் தறிக்காரி, "எனக்கு எங்க நாத்தனாரு குடுத்தா" என்று உதட்டால் சொன்னாள். இன்னொருத்தி பைப்புத் தண்ணீர். ஒருத்தி உப்புப் போட்ட பழைய சோற்று நீச்சத்தண்ணியை, நல்ல புளித்ததை, ஊற்றியிருந்தாள், "நெறம் ஒண்ணாத்தானுங்க இருந்துச்சு" என்று டாக்டரம்மா பக்கம் வந்து கத்தியே சத்தியம் செய்தாள். சிரிப்பில் இழை அறுந்து தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி, "ஏனுங்க, என்னுங்க ஆச்சு?" என்று ஓடிவந்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். போச்சு என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நர்ஸம்மா தண்ணீர் கொண்டு ஓடினாள். நிமிர்ந்தபோது பார்த்தால் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"நீச்சத்தண்ணியா? அதான் ஒரு கேன்ல உப்பு எகிறிக் கெடந்துச்சா!"

சிரித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன் உங்களுக்கு எல்லாம் கோட்டுக்கு வரல?"

பக்கத்து வீட்டுக்காரி எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னாள். கக்கூஸில் தார்க்கட்டை, நாலு தறி, தண்ணீர் குடிக்காதது. முதலாளி கூரையைப் பார்த்தார். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். நர்ஸம்மாவைப் பார்த்து, "கம்மியா இருந்தா ஏமாத்தறாங்கன்னு நெனச்சுத்தானே கோடு போட்டேன். நெஜமாவே கம்மின்னு எனக்குத் தோணவே இல்லயே" என்றார்.

பன்னிரண்டு கேன் கணக்கும் குப்பைக்குப் போனது. மறுபடி முதலில் இருந்து. அதற்கு ஆள் வேண்டும், ஜனங்களோடு பழகின ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கேட்டு, நர்ஸம்மாவுக்கு இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள். அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. மற்ற இரண்டு இடமும் இன்னும் காலிதான். அவள் இன்னும் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறாள். முதலாளி மட்டும் கக்கூஸில் இருந்த தார்க்கட்டைகளை ஒரே நாளில் அள்ளிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார்.

இரண்டாம் தடவை வந்த கேனில் சிவப்புக் கோடு இல்லை. அன்று காலை நான் பழையபடி கீரையைப் பரப்பிக்கொண்டு போக, பக்கத்து வீட்டுக்காரி கால்வாசி நிறைந்த கேனை மறைக்காமல் கையில் வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள். மளிகைக்கடைக்காரர் கேட்டார், "என்ன அம்மிணி, எண்ணெயா?"

"இல்லீங்கண்ணா, எம்படதுதான்! கம்மிதான், ஆனா அத்தனையும் எம்படது!"

நான் கூடையோடு கரண்ட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

இதை டாக்டரம்மாவுக்கு அனுப்பும் முன்னால் நர்ஸம்மா ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். கேன் பன்னிரண்டா பதின்மூன்றா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. கை தூக்கியவர்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். நீச்சத்தண்ணி ஊற்றியவள், ஊற்றவே இல்லை என்று இப்போது சாதிக்கிறாள். அவளை நீயே விசாரித்துக்கொள் சாமி, எனக்குக் கூச்சமாக இருக்கிறது.