தொண்ணூறு டன் கட்டி

கான்கிரீட் சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் இடியக்கா. இருபது வருடமாகக் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்குவதுதான் பிழைப்பு. விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவாள், எத்தனை டன்னில் உடையும் என்று சொல்லிவிடுவாள். இயந்திரத்தின் முள் அவள் சொன்ன இடத்தில் நிற்காவிட்டால் முள்ளைத்தான் பழுது பார்ப்பார்கள்!

அன்று காலை காண்ட்ராக்டர் ஓர் அடியாளோடு வந்து நின்றான். அவன் மூன்றாம் மாடிக்குத் தளம் போட்டு இருபத்தெட்டு நாள். அதே கலவையில் வார்த்த கட்டி அறுபது டன் தாங்கினால்தான் தளத்துக்கு அடியில் கொடுத்த முட்டுகளைப் பிரிக்கலாம். ஏழாம் நாள் உடைத்த கட்டியோ இருபத்தெட்டு டன்னிலேயே பொடிந்திருந்தது. இருபத்தெட்டாம் நாள் கட்டியும் நாற்பத்தைந்தைத் தாண்டாது என்று அப்போதே எழுதிவைத்திருந்தாள்.

"உன் ஜோசியத்தை நீயே வச்சுக்க. பதினோரு மணிக்கு முட்டுகளைப் பிரிக்கச் சொல்லிட்டேன். கையெழுத்தைப் போடு."

முட்டுப் பிரிக்கும் தச்சர்களில் அவள் புருஷனும் ஒருவன். மணி பத்தே முக்கால். போனை எடுத்தாள். அடியாள் அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விட்டான் ஓர் அறை. பல் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது.

"ஆடிட்டிருந்த பல்லுதான். வைத்தியர் செலவு மிச்சம்," என்றாள், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "கட்டியைக் குடுங்க, உடைச்சுட்டுப் போடறேன்."

காரிலிருந்து ஒரு கட்டி வந்தது. தட்டினாள். கணீரென்றது. சிமென்டை வாரிக் கொட்டித் தனியாக வார்த்த கட்டி!

"இது தொண்ணூறு போகும் சார். வெடிக்கும். இயந்திரக் கதவைச் சாத்தணும்."

"சாத்திட்டு உள்ளே தில்லுமுல்லு பண்ணவா? திறந்தே இருக்கட்டும்."

இருவரும் மூக்கை உள்ளே நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஐம்பது. அறுபது. "பாத்தியாடி!" என்று காண்ட்ராக்டர் தொடையைத் தட்டினான். எழுபது. எண்பது. எண்பத்தெட்டில் அவள் பல்லைப் பொறுக்கக் குனிந்தாள்.

வெடித்தது. காண்ட்ராக்டரின் மூக்கு இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது. அடியாள் கண்ணைப் பொத்திக்கொண்டு உருண்டான். அவன் பையிலிருந்து போனை உருவிப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"முட்டுல கை வைக்காதீங்க! வெளியே ஓடுங்க!"

"ஒண்ணைத் தட்டிட்டோம்டி, மேலே என்னமோ முனகுது..."

ஓடும் காலடிகள். பிறகு மலையே சரிந்தாற்போல ஒரு சத்தம்.

"ஏங்க! ஏங்க!"

நெடுநேரம் கழித்து ஓர் இருமல். "எல்லாரும் வெளியதான் இருக்கோம். கத்தாதே, காது போச்சு."

பதிவேட்டை இழுத்து எழுதினாள்: 'கட்டி தொண்ணூறு டன் தாங்கியது. தளம் விழுந்தது. இரண்டும் ஒரே கான்கிரீட் அல்ல.'

கீழே, காண்ட்ராக்டர் கேட்ட கையெழுத்தையும் போட்டாள்.