முறத்தில் போட்ட பொது அறிவு

என் வீட்டுக்காரர் சர்க்கார் பரீட்சையில் முதல் தடவை தோற்றதற்கு எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். அவருக்குக் கை வேகம் போதாது என்றார்கள். அவரும் அதையே நம்பினார். "எல்லாம் தெரிஞ்ச கேள்விதான். எழுதி முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிட்டான்" என்று வந்து சொன்னவர், இரண்டாம் தடவைக்கு முதல் வேலையாகப் புது நிப்புகள் வாங்கி வந்து வேகமாக எழுதிப் பழக ஆரம்பித்தார். தினம் காலையில் வேலைக்குப் போகுமுன் ஜன்னலோரம் தகரப் பெட்டிமேல் தாளைப் பரப்பிக்கொண்டு இங்கிலீஷில் சரசரவென்று எழுதுவார். சட்டைக் கைமுனை முழுக்க மை. அதைக் கசக்கித் துவைக்கிறவள் நான்.

இது ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தி. பினாங்கில், கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் அறை இருந்தது. கீழே மசாலைக் கடை. கடைக்காரரைத் தெருவே நானா என்றுதான் கூப்பிடும். மாடி அறைகளை வாடகைக்கு விட்டிருந்தவரும் அவர்தான். அறைகளுக்கு நடுவே பலகைதான் சுவர், அதுவும் கூரைவரை போகாது. ஓர் அறையில் தும்மினால் அடுத்த அறையிலிருந்து "நூறு வயசு" என்று வாழ்த்து வரும். அப்படி வாழ்த்துகிறவர், ஆப்பம் சுட்டு விற்கிற ஓர் அக்கா. எங்கள் அறைக்குள்ளேயும் ஒரு பலகை தடுப்பு உண்டு. முன்பக்கம் படுக்கவும் படிக்கவும், பின்பக்கம் என் கரியடுப்பு.

என் வீட்டுக்காரர் துறைமுக ஆபீசில் தற்காலிகக் கிராணி, அதாவது குமாஸ்தா. வேலை நிரந்தரம் ஆக வேண்டுமானால் சர்க்கார் வைக்கிற பரீட்சையில் தேற வேண்டும். இங்கிலீஷிலும் கணக்கிலும் தேறிவிட்டார். இடித்தது மூன்றாவது தாள்தான். ஜென்ரல் நாலெஜ், பொது அறிவு. வயசு வரம்பு நெருங்கிவிட்டதால் அடுத்த தடவைதான் கடைசித் தடவை. அதிலும் போனால் ஆபீஸ் வேலை இல்லை. நிபோங் திபால் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் அவருடைய அண்ணன் இருந்தார். அங்கே பால் நிறுக்கிற இடத்தில் ஏதாவது வேலை பார்த்துத் தருவார், அவர் வீட்டிலேயே நாங்களும் இருக்க வேண்டியதுதான். அண்ணி நல்லவர். ஆனாலும் அவருடைய அடுப்படியில் நான் காலத்துக்கும் விருந்தாளி. நான் இந்தப் பட்டணத்தில் பிறந்தவள். எனக்குப் போக விருப்பமில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற சுபாவம் கிடையாது.

நானாவின் அக்காள் மகன் ஊரிலிருந்து கப்பலில் வருவதாக இருந்தது. "அவசரமில்ல கிராணி. பரிச்சை முடியட்டும். அறைய வச்சுக்குறீங்களா, விடுறீங்களான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று நானா கேட்டு வைத்திருந்தார்.

என் வீட்டுக்காரர் படித்தது ஒரே ஒரு புத்தகம். கேள்வி, அதன் கீழே பதில், மறுபடி கேள்வி. எகிப்து நாட்டுத் தலைநகரம் எது, இரண்டு கடலைச் சேர்க்கிற கால்வாய் எது, ஈயம் எங்கே கிடைக்கிறது, காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயில் ஏறுகிறது என்ன, இப்படிப் போகும். காலையில் எழுதி முடித்ததும் அதை உரக்க ஒப்பிப்பார். ஒரு தரம் இங்கிலீஷில், ஒரு தரம் எனக்குக் கேட்கட்டும் என்றோ என்னவோ தமிழில். தடுப்புக்கு இந்தப் பக்கம் சட்டினி அரைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது. நான் தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரைக்கும் படித்தவள். ஒப்பிப்பது எனக்குப் புதிதல்ல.

ஒருநாள் சாயங்காலம் மிளகாய்த்தூள் வாங்கக் கீழே இறங்கினேன். கடையில் ஆம்பளைகள் நின்றதால் படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன். தள்ளுவண்டிக்காரர் ஒருவருக்குக் காய்ச்சல். நானா அவருக்குக் கொயினா மருந்து மடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வேலை விட்டு, கடை முன்னால் இருக்கிற நடைபாதையான அஞ்சடியில் ஏறினார்.

"வாங்க கிராணி. பரிச்சைக்குப் படிக்கிறீங்கல்ல? இந்தக் கொயினா எதுலேர்ந்து எடுக்குறான், சொல்லுங்க பாப்பம்" என்றார் நானா.

"தெரியும் நானா. இருங்க" என்றார் இவர். அப்படியே நின்றார். கண் மேலே போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது.

"கிராணி ஓதுறாரு லா!" என்று வேறொரு வண்டிக்காரர் சிரித்தார்.

"சும்மா இருங்கப்பா. பதில் கப்பல்ல வந்துக்கிட்டு இருக்கு. இன்னும் கொழும்பு தாண்டல" என்றார் நானா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் கேட்கிற பாடம், சத்தம் இல்லாமலே எனக்குப் புரிந்தது. எகிப்தில் ஆரம்பித்தார். கால்வாய்க்கு வந்தார். ஈயத்துக்கு வந்தார். கண்ணாடிக் குழாய், நிலா, அலை, எல்லாம் தாண்டி மெல்ல மெல்லக் கொயினாவுக்கு வந்து சேர்ந்தார்.

"சிங்கோனா மரத்துப் பட்டை!" என்றார் சத்தமாக.

"சரிதான். ஆனா காய்ச்சக்காரன் மருந்து வாங்கிக்கிட்டுப் போயே போயிட்டான்" என்றார் நானா.

மிளகாய்த்தூள் வாங்காமலே நான் மாடிக்கு வந்துவிட்டேன். பரீட்சையில் நேரம் போதாமல் போனது எதனால் என்று எனக்கு அப்போது வெட்டவெளிச்சம். கைமேல் பழி போட்டது தப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் மனுஷர் எகிப்திலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தால் மணி அடிக்காமல் என்ன செய்யும்?

எனக்கு இது தெரிந்த சங்கதி. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை நாங்கள் பாட்டு மாதிரிப் பாடித்தான் படித்தோம். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஏழொன்று ஏழிலிருந்து வந்தால்தான் எனக்குத் தெரியும். பிறகு அம்மா கோயிலடியில் வெற்றிலைக் கட்டு விற்றபோது நான் எண்ணிக் கொடுப்பேன். வாங்க வந்தவர்கள் நான் ஏழொன்று ஏழிலிருந்து வரும்வரை நிற்கமாட்டார்கள். அடுத்த கூடைக்குப் போய்விடுவார்கள். ஒரு மாதத்தில் ஏழெட்டு தனியாக வந்து நின்றது. பாட்டை உடைத்தால் வரும். உடைக்காவிட்டால் வராது.

தெரிந்தது சரி, அவரிடம் சொல்வது எப்படி? கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் நான் அவர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. சாப்பாடு ஆச்சு, தண்ணி வச்சிருக்கு, அவ்வளவுதான். ஆனால் தடுப்புக்குப் பின்னால் நின்றால் எனக்குக் கொஞ்சம் தைரியம். மறுநாள் காலை அவர் ஒப்பிக்க வாய் திறக்குமுன் அடுப்படியிலிருந்து சொன்னேன்.

"ஏங்க, நான் ஒண்ணு கேக்கவா?"

"என்ன, அரிசி தீந்துபோச்சா?"

"இல்ல. ரெண்டு கடலச் சேக்குற கால்வாய் எது?"

முன்பக்கத்திலிருந்து முணுமுணுப்பு.

"எகிப்துலேர்ந்து வராதீங்க" என்றேன்.

முணுமுணுப்பு நின்றது. "எங்கேர்ந்து வந்தா உனக்கென்ன? பதில் வருதுல்ல?"

"பரிச்சையில அவன் வரிசையாக் கேக்க மாட்டான். நேத்து கடையில பாத்தேன். ஒண்ணு சொல்ல நீங்க அத்தனையும் சொல்லிக்கிட்டு வர்றீங்க. அதான் நேரம் பத்தல. கை நல்லாத்தான் இருக்கு."

"நாலாங் கிளாசு எனக்குப் பாடம் நடத்துது" என்றார். குரலில் கோபம்தான். நிப்பைத் தட்டில் போட்ட சத்தம் கேட்டது. ஆனால் எனக்குச் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பக்கத்து அறை அக்கா பலகைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: "தம்பி, அது சூயஸ் கால்வாய். தினம் கேட்டு எனக்கே தெரியுது. என்னைய உடுங்க, நான் போயி எழுதிட்டு வாறேன்."

அவர் சட்டென்று சிரித்துவிட்டார். அதோடு கோபம் போயிற்று. மைக்கூட்டையும் மூடி வைத்தார்.

அன்றைக்கே தினசரிக் காலண்டரில் கிழித்த பழைய தாள்களை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டினேன். அவர் கேள்வியைத் தமிழில் சொல்லச் சொல்ல, ஒரு துண்டுக்கு ஒரு கேள்வியாக நான் எழுதினேன். பதில் எழுதவில்லை. எல்லாவற்றையும் முறத்தில் கொட்டி, அரிசி புடைக்கிற மாதிரிப் புடைத்தேன். கைக்கு வந்த துண்டை எடுத்துத் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பேன். அவர் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். உதடு அசைகிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தாமதம் தெரியும். வெற்றிலைக்கு நிற்கிறவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்பது எனக்கு மறக்கவில்லை. அதற்குள் வரவில்லை என்றால் துண்டு மறுபடி முறத்துக்குள்.

"இது பரிச்சையா தாயமா?" என்பார்.

"தாயம்னு வச்சுக்குங்க. விழுந்ததச் சொல்லுங்க."

முதலில் நிலைமை மோசமானது. வரிசை உடைந்ததும் அவரிடம் இருந்ததும் போயிற்று. ஈயம் எங்கே என்றால் கெய்ரோ என்றார். எகிப்துத் தலைநகரத்தைக் கேட்டால் பாதரசத்தைச் சொன்னார். அக்கா ஆப்ப மாவைக் கலக்கிக்கொண்டே, "பாதரசத்துல ராசா எப்படித்தான் குடியிருக்காரோ" என்று கேட்பார். ஒருநாள் அவர் புத்தகத்தை மூடிவிட்டு, "இருந்ததையும் கெடுத்துட்ட. பழையபடி படிச்சாலாவது பாதி எழுதியிருப்பேன். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிட வேண்டியதுதான்" என்றார்.

"பாதி எழுதினா தேறுவீங்களா?" என்று கேட்டேன்.

புத்தகத்தைத் தகரப் பெட்டிமேல் போடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப இதையே செய்வோம். வந்துரும்" என்றேன். அவரைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. எனக்கு வந்த விஷயம் அவருக்கு ஏன் வராது? நான் அப்போது சின்னப் பெண். அவர் ஏழாவது வரை இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர்.

வந்தது. ஒரு மத்தியானம், ஞாயிற்றுக்கிழமை, அவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, முறம்கூட இல்லாமல், வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"காய்ச்சல் பாக்குற குழாய்ல ஏறுறது என்ன?"

"மெர்க்குரி" என்றார் வாயில் சோற்றோடு.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. விக்கிக்கொண்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். கையில் பிடித்த சோறு வாய்க்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தது.

"எகிப்துலேர்ந்து வரலியே" என்றார், யாரோ அவரைத் தள்ளிவிட்ட மாதிரி.

"இன்னொண்ணு கேக்கவா?"

"கேளு, கேளு. மீனு அப்புறம் போடு."

மீன் கரிந்துபோனது. அக்காவுக்கும் புகை போய், "அங்க பரிச்சைக்கு அடுப்பையுமா கொளுத்துறீங்க?" என்று சத்தம் போட்டார்.

அதிலிருந்து துண்டுகள் முறத்தில் குறைந்துகொண்டே வந்தன. சொல்லிவிட்டதை அடுப்பில் போடுவோம் என்று பேசி வைத்துக்கொண்டோம். சில நாளில் என் சோறு எகிப்தில் கொதித்தது, சில நாளில் சிங்கோனாவில்.

பரீட்சை அன்று நல்ல மழை. வெள்ளை டிரவுசரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு குடைக்குள் ஒடுங்கிப் போனார். நான் கும்பிடவும் இல்லை, வாசலில் நிற்கவும் இல்லை. கீரை ஆய்ந்தேன். அக்காதான் இரண்டு தரம் வந்து, "உனக்குப் பயமா இல்லியாடி?" என்று கேட்டுவிட்டுப் போனார். பயம் இல்லை. அவர் திரும்பி வந்து என்ன சொல்கிறார் என்று கேட்கத்தான் காத்திருந்தேன்.

மத்தியானம் நனைந்து வந்தார். துண்டைக் கொடுத்தேன். போன தடவை வந்ததும் அவர் தாளை முதல் கேள்வியிலிருந்து கடைசி வரை வரிசையாகச் சொல்லி, எங்கே மணி அடித்தது என்று காட்டினார். எனக்கு நன்றாக ஞாபகம். இந்தத் தடவை தலை துவட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"கடைசில அலையப் பத்திக் கேட்டிருந்தான், நிலாவுக்கும் அலைக்கும் என்னன்னு. அத முதல்ல எழுதினேன். அப்புறம் எட்டாவது. ரெண்டாவது கொஞ்சம் மோசம், அது புத்தகத்துலயே இல்ல. மூணாவது ஈயம். ஆங், நடுவுல ஒரு தலைநகரம்..."

இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக, வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டே போனார். தான் தாண்டித் தாண்டிச் சொல்வது அவருக்கே தெரியவில்லை. மணி அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நான் கீரையை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். கடையில் இரண்டு பேர் நின்றார்கள். படிக்கட்டில் நிற்காமல் நேரே போய் நின்றேன்.

"நானா, நாங்க அறைய விடல" என்றேன்.

நானா தராசைக் கீழே வைத்தார். "ரிசல்ட்டு வந்துருச்சா, தங்கச்சி? இப்பத்தான மனுசன் நனஞ்சுக்கிட்டு மேல போனாரு?"

"வரல. தேறிட்டாரு."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

நானா என்னையும் பார்த்தார், கடையில் நின்றவர்களையும் பார்த்தார். "இத்தன நாள் மாடியில குடியிருந்து தங்கச்சி பேசுறத இன்னிக்கித்தான் கேக்குறேன். சரி, மருமவனுக்கு வேற இடம் பாத்துக்கிறேன்" என்றார்.

மாடிக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பதறினார். "கீழ என்ன சொல்லிட்டு வந்தே? எல்லாம் கேட்டுச்சு. தோத்துட்டா நானா முகத்துல எப்படி முழிக்கிறது?"

"சாப்பிட வாங்க" என்றேன்.

தேறிய சேதி வருவதற்கு ரொம்ப நாளாயிற்று. அவர் தினமும் ஆபீசில் கேட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவார். ஒருநாள் படிக்கட்டில் தடதடவென்று ஓடி வந்து, "தேறிட்டேன்" என்று வாசலிலேயே கத்தினார். நான் அப்போது, நாங்கள் இருக்கப்போகிற அறைதானே என்று, எங்கள் தடுப்புப் பலகைக்கு இரண்டாம் பூச்சுச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன்.